மூடுபனியால் கப்பல் கிளம்பத் தாமதமானால்

(நம் குடியிருப்பு மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, கார் நிறுத்துமிடம் என்று பேசுகிற இந்த ஹாலில் அமெரிக்காவின் க்ரூஸ் கப்பலுக்கும் மூடுபனிக்கும் என்ன வேலை என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பையனோ பெண்ணோ டெக்சாஸில் இருக்கிற வீடுகளை நம் குடியிருப்பில் எண்ணிப் பாருங்கள். இரண்டு கை விரல்களும் போதாது. பேரப்பிள்ளைகளின் கிறிஸ்துமஸ் விடுமுறையையொட்டி நாம் அங்கே போகிறோம். "அப்பா அம்மா வந்திருக்கிறார்களே" என்று பிள்ளைகள் ஆசையாக நான்கு நாளோ ஏழு நாளோ கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்கிறார்கள். ஹூஸ்டனில் இருப்பவர்களுக்கு அருகில் உள்ள துறைமுகம் கால்வெஸ்டன். அந்தக் கரையில் கடல் மூடுபனி அதிகம் வருவதும் அதே குளிர்கால மாதங்களில்தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூடுபனியால் வரும் தாமதத்தை யாராலும் குறைக்க முடியாது, குறைக்கச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. நம் கையில் இருப்பது பயணத்துக்கு முன்னும் பின்னும் நேரத்தைக் கொஞ்சம் கையிருப்பாக வைத்துக்கொள்வதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதையும், என்னென்ன செய்யலாம் என்பதையும் பார்ப்போம்.

இந்த மூடுபனி எங்கிருந்து வருகிறது?

போகி அன்று காலையில் புகைமூட்டத்தால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாவதை நாம் பார்த்திருக்கிறோம். வெயில் ஏற ஏற அது கலைந்துவிடும். பத்து மணிக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நமக்குத் தெரியும். கால்வெஸ்டனின் கடல் மூடுபனி அப்படிப்பட்டதல்ல. பகல் முழுவதும் இருந்துவிட்டு இரவும் தொடரக்கூடியது அது.

காரணம் எளிதானது. கால்வெஸ்டன் ஹூஸ்டனிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தெற்கே, மெக்சிகோ வளைகுடாவை ஒட்டிய ஒரு தீவு. அங்கே கரையோரக் கடல் ஆழமில்லாதது. டிசம்பர், ஜனவரியில் வடக்கிலிருந்து குளிர்காற்று ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அந்த ஆழமில்லாத நீர் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது. ஜனவரியில் 13, 14 டிகிரி செல்சியஸ் வரைகூட வந்துவிடும். நம் சென்னைக் கடல் 25 டிகிரிக்குக் கீழே போவதே அபூர்வம். குளிர்காற்று ஓய்ந்ததும் தெற்கே வளைகுடாவின் நடுப்பகுதியிலிருந்து வெதுவெதுப்பான ஈரக்காற்று வீசத் தொடங்கும். அந்த ஈரக்காற்று கரையோரத்துக் குளிர்ந்த நீரின்மேல் வரும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதைப் போல, காற்றிலுள்ள ஈரம் பொடிப்பொடியான நீர்த்துளிகளாகிவிடுகிறது. அதுதான் கடல் மூடுபனி.

ஈரக்காற்று வீசிக்கொண்டே இருக்கும்வரை மூடுபனியும் உருவாகிக்கொண்டே இருக்கும். காற்று திசை மாற வேண்டும், அல்லது வடக்கிலிருந்து அடுத்த வறண்ட குளிர்காற்று வந்து அதைத் தள்ள வேண்டும். அதனால்தான் எத்தனை மணிக்குக் கலையும் என்று கேட்டால் கப்பல்காரர்கள் உறுதியாகச் சொல்வதில்லை. அவர்கள் மழுப்புகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். சில மணி நேரத்தில் முடிந்தாலும் முடியும், ஒரு நாளைத் தாண்டினாலும் தாண்டும்.

ரேடார் இருக்கிறதே, ஏன் போகக்கூடாது?

நல்ல கேள்வி. நடுக்கடலில் ரேடாரை வைத்துக்கொண்டு, வேகத்தைக் குறைத்துப் போகத்தான் செய்கிறார்கள். சிக்கல் துறைமுகத்தின் வாயில்தான்.

கால்வெஸ்டன் தீவுக்கும் எதிரே உள்ள பொலிவர் தீபகற்பத்துக்கும் நடுவில் ஒரு நீர்வழி. க்ரூஸ் கப்பலும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். ஹூஸ்டனுக்குப் போகிற எண்ணெய்க் கப்பல்கள், ரசாயனக் கப்பல்கள், கன்டெய்னர் கப்பல்களும் அதே வாய் வழியாகத்தான் நுழைய வேண்டும். இரு கரைக்கும் நடுவே கார்களை ஏற்றிச் செல்லும் இலவசப் படகுகளும் குறுக்கே ஓடுகின்றன. கால்வெஸ்டனிலிருந்து கிளம்பும் பெரிய கப்பல்கள் 360 மீட்டர் நீளம், 5,000-க்கும் மேற்பட்ட பயணிகள். தோண்டி ஆழப்படுத்திய பாதையைவிட்டு விலகினால் தரை தட்டும்.

ஆகவே துறைமுகத்துக்குள் வரும்போதும் வெளியே போகும்போதும் அந்த நீர்வழியை நன்றாக அறிந்த உள்ளூர் பைலட் ஒருவர் கப்பலில் ஏறி கேப்டனுக்கு வழி காட்டுவார். இந்த பைலட் விமானம் ஓட்டுபவர் அல்ல, கப்பலுக்கு வழிகாட்டுபவர். சின்னப் படகில் கடலுக்கு வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏறுவார். பார்வைத் தூரம் மிகவும் குறைந்துவிட்டால் பைலட்டுகள் கப்பல்களில் ஏறுவதை நிறுத்திவிடுவார்கள். அதோடு எல்லாக் கப்பலும் நிற்கும்.

ரேடார் இருந்தால் போதுமா என்பதற்கு 1956-ஆம் ஆண்டு ஜூலை 25 இரவே பதில். அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அருகே மூடுபனியில் ஆண்ட்ரியா டோரியா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலும் ஸ்டாக்ஹோம் என்ற சுவீடன் கப்பலும் மோதிக்கொண்டன. இரண்டிலும் ரேடார் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று திரையில் பார்த்தன. பார்த்ததைப் புரிந்துகொண்டதில்தான் தவறு. 51 பேர் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 1914 மே 29 அன்று, கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து என்ற கப்பல் மூடுபனியில் ஒரு சரக்குக் கப்பலுடன் மோதி 14 நிமிடத்தில் மூழ்கியது. 1,012 பேர் போனார்கள். பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2007 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் காஸ்கோ பூசான் என்ற சரக்குக் கப்பல், பைலட் கப்பலில் இருந்தும், மூடுபனியில் பாலத்தின் தூணில் உரசியது. இரண்டு லட்சம் லிட்டர் எண்ணெய் கடலில் கொட்டியது.

இதையெல்லாம் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. பேரக்குழந்தையோடு நாம் ஏறப்போகிற கப்பலைப் பற்றி ஒரு பைலட் "இப்போது வேண்டாம்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். அதற்காகவே சொல்கிறேன்.

நம் கப்பல் மட்டும் ஏன் இவ்வளவு தாமதம்?

மாலை 4 மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் அன்று அதிகாலையில்தான் முந்தைய பயணத்தை முடித்துக்கொண்டு துறைமுகத்துக்கு வரும். அதிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இறங்க வேண்டும், பெட்டிகள் இறங்க வேண்டும், அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும், காய்கறி முதல் எரிபொருள் வரை ஏற்ற வேண்டும். அப்புறம்தான் நாம் ஏற முடியும். காலையில் மூடுபனி இருந்தால் கப்பல் கடலிலேயே நின்றுவிடும். ஆக, நீங்கள் முனையத்துக்குப் போகும்போது வானம் தெளிவாக இருந்தாலும், கப்பல் அங்கே இருக்காது. மூடுபனி மதியம் விலகினாலும் வெளியே வரிசையில் நிற்கும் கப்பல்கள் ஒவ்வொன்றாகத்தான் வர முடியும். அதன் பிறகு மேலே சொன்ன வேலைகள் அத்தனையும் நடக்க வேண்டும். காலைத் தாமதம் அப்படியே மாலைக்கு வந்து சேரும்.

வேகமாக ஓட்டி நேரத்தைப் பிடிக்கலாமே என்றால், ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெக்சிகோவின் கொசுமெல் தீவுக்கு ஏறக்குறைய ஒன்றரை நாள் ஓட்டம். 680 கடல் மைல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 17 கடல் மைல் வேகத்தில் 40 மணி நேரம் ஆகும். 20 கடல் மைல் வேகத்தில் 34 மணி நேரம். மிச்சமாவது 6 மணி நேரம்தான். அதற்கே எரிபொருள் வெகுவாகக் கூடும். 6 மணித் தாமதத்தைப் பிடித்துவிடலாம், 16 மணித் தாமதத்தைப் பிடிக்க முடியாது. அப்போது ஒரு துறைமுகத்தை விட்டுவிடுவார்கள், அல்லது அங்கே நிற்கும் நேரத்தைக் குறைப்பார்கள்.

ஆனால் எல்லா வெளிநாட்டுத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுச் சும்மா கடலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்ப முடியாது. இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா போன்ற வெளிநாட்டுக் கொடியில் ஓடுபவை. 1886-இல் வந்த அமெரிக்கச் சட்டம் ஒன்றின்படி, அப்படிப்பட்ட கப்பல் அமெரிக்காவில் பயணிகளை ஏற்றி அமெரிக்காவிலேயே இறக்கும் பயணத்தில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தையாவது தொட வேண்டும். அதனால் எது விடுபடும், எது நிற்கும் என்பது அவர்கள் இஷ்டம் மட்டுமல்ல.

பணம் திரும்பி வருமா?

வங்கியில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். டிக்கெட்டோடு வரும் நீளமான ஒப்பந்தத்தை யாரும் படிப்பதில்லை. வானிலை காரணமாக நேரத்தையும் துறைமுகத்தையும் மாற்ற நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று அதில் இருக்கும்.

அமெரிக்காவில் ஃபெடரல் மாரிடைம் கமிஷன் என்று ஓர் அரசு அமைப்பு இருக்கிறது. 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த அதன் விதிப்படி, பயணம் ரத்தானாலோ, கப்பலில் ஏறுவது 3 நாளோ அதற்கு மேலோ தள்ளிப்போனாலோ, போக விரும்பாத பயணி முழுப் பணத்தையும் திரும்பக் கேட்கலாம். மூடுபனித் தாமதம் 3 நாள் நீடிப்பது அபூர்வம். ஆக, ஒரு நாள் தாமதத்துக்கு இந்த விதியை நம்பிப் பயனில்லை. நிறுவனம் தானாக ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு துறைமுகம் விடுபட்டால் அதற்காக வசூலித்த துறைமுகக் கட்டணத்தையும் வரியையும் பொதுவாகத் திருப்பித் தருவார்கள். அது கப்பலில் உங்கள் அறைக் கணக்கில் வரவாக வரலாம். கடைசி நாள் பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள். கரைச் சுற்றுலாவைக் கப்பல் மூலமாகவே பதிவு செய்திருந்தால் அந்தப் பணமும் திரும்பும். வெளியாட்களிடம் தனியாகப் பதிவு செய்திருந்தால் அவர்கள் விதிதான். கப்பல் வராவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டுக்கொண்டு பிறகு கட்டுங்கள்.

அடுத்தது இன்ஷூரன்ஸ். நாம் இங்கே எடுத்துக்கொண்டு போகிற பயண இன்ஷூரன்ஸில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, தாமதத்துக்கான தொகை எத்தனை மணி நேரத்துக்குப் பிறகு தொடங்குகிறது. இரண்டு, அந்தப் பிரிவு விமானத்துக்கு மட்டுமா, கப்பலுக்கும் சேர்த்தா. மூன்று, அமெரிக்காவோடு மெக்சிகோவும் கரீபியன் நாடுகளும், கப்பலில் பார்க்கும் மருத்துவமும் அடங்குமா. நான்கு, பாலிசி முடியும் தேதி. நாடு திரும்பும் நாளோடு முடிகிற மாதிரி எடுக்காமல் சில நாள் கூடுதலாக எடுங்கள். தொகை கேட்க ஆதாரம் வேண்டும். தாமதத்தின் காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சலை அழிக்காதீர்கள். ஹோட்டல், சாப்பாடு, டாக்ஸி ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பதிவு செய்யும்போது

வேறு ஊரிலிருந்து விமானத்தில் வந்து கப்பல் ஏறுவதானால் முதல் நாளே ஹூஸ்டனுக்கு வந்துவிடுங்கள். மூடுபனி விமானத்தையும் தாமதப்படுத்தலாம். கப்பல் ஒருவருக்காக நிற்காது.

கப்பல் திரும்பும் நாளன்று விமானம் பதிவு செய்யவே வேண்டாம். போகும்போது வந்த மூடுபனி திரும்பும்போதும் வரலாம். கால்வெஸ்டனிலிருந்து ஹூஸ்டனின் பெரிய விமான நிலையம் 100 கிலோமீட்டருக்கும் மேல். காலை 7 மணிக்கு இறங்கிவிடுவோம், மாலையில் சென்னைக்குக் கிளம்பிவிடலாம் என்று திட்டமிட்டால், ஒரு மூடுபனியில் லட்சக்கணக்கில் டிக்கெட் பணம் போய்விடும். நடுவில் ஒரு நாள் விடுங்கள். ஏழு நாள் பயணமாக இருந்தால் இரண்டு நாள் விட்டாலும் தப்பில்லை. பிள்ளைகளுக்கும் ஆபீஸ் லீவில் ஒரு நாள் கூடுதலாகப் போடச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட்டும், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசாவும் நமக்குக் கட்டாயம். அமெரிக்கக் குடிமக்களான பேரப்பிள்ளைகள் இப்படிச் சுற்றி வரும் பயணத்தில் பிறப்புச் சான்றிதழோடு போக விதி இடம் தருகிறது. அதைப் பார்த்து நமக்கும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்கு நமக்குத் தனி விசா வேண்டாம். அட்டவணையில் உள்ள மற்ற நாடுகளுக்கு என்ன விதி என்பதைப் பதிவு செய்யும்போதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்றைய தினம்

ஏறும் நாளில் நிறுவனத்தின் குறுஞ்செய்தி, மின்னஞ்சல், ஆப் மூன்றையும் காலையிலிருந்து பாருங்கள். புதிய நேரம் கொடுத்திருந்தால் அந்த நேரத்துக்குத்தான் போக வேண்டும். "எதற்கும் முன்னாலேயே போய் உட்காருவோம்" என்பது நம் வழக்கம். கால்வெஸ்டனில் அது கை கொடுக்காது. கப்பல் வராதபோது முனையத்துக்குள் இடம் கிடைப்பது சிரமம், நாற்காலி குறைவு, கழிப்பறைக்கு வரிசை. ஹூஸ்டனில் பிள்ளைகள் வீடு இருந்தால் வீட்டிலேயே இருங்கள். வழியில் பியர்லாண்ட் மீனாட்சி கோயில் இருக்கிறது, நிதானமாகத் தரிசனம் செய்துவிட்டுப் போகலாம். ஆனால் தாமதம்தானே என்று வெகுதூரம் சுற்றப் போய்விடாதீர்கள். மூடுபனி எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் விலகலாம், செக்-இன் நேரத்தை மறுபடியும் மாற்றலாம்.

அடுத்தது மருந்து. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். முனைய வாசலிலேயே பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அதன் பிறகு அவை உங்கள் கைக்கு வருவது கப்பலில், மாலையிலோ இரவிலோதான். நானும் என் மனைவியும் போனபோது எங்களுக்கு முன் வரிசையில் ஒரு குஜராத்திப் பெரியவர். இன்சுலின் பேனாவைப் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டார். மதியம் சாப்பிட்டிருக்க வேண்டியவர் சாப்பிடவும் முடியாமல், சாப்பிடாமல் இருக்கவும் முடியாமல் தவித்தார். அவருடைய மகன் நூற்றுக்கணக்கான பெட்டிகளுக்கு நடுவே அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் அந்த அம்மாளின் முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை. ஆகவே மருந்து, மருந்துச் சீட்டு, பாஸ்போர்ட், ஒரு செட் உடை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில், போன் சார்ஜர் இவை கைப்பையில். மாத்திரை பயண நாளுக்கு மேல் நான்கு நாளைக்குக் கூடுதலாக. நடக்கச் சிரமப்படுபவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வரிசையில் நிற்கும்போது கோபம் வரும். எனக்கு அது கவுண்டரின் மறுபக்கத்திலிருந்து தெரியும். நெட்வொர்க் போய்விட்டால் வாடிக்கையாளர் முதலில் சத்தம் போடுவது எதிரே உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவிடம்தான். கேபிளை அறுத்தது அவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் கத்துவோம். அந்த முனையத்தில் சட்டையில் பெயர்ப் பட்டையோடு நிற்கிற பெண்ணுக்கும் மூடுபனி எப்போது விலகும் என்று தெரியாது. அவரிடம் பதில் கிடைக்கிற கேள்விகளாகக் கேளுங்கள்: அடுத்த அறிவிப்பு எத்தனை மணிக்கு? வயதானவர்கள் உட்கார இடம் எங்கே? சாப்பாடு கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் அவர் பதில் சொல்வார்.

கப்பலில் ஏறிய பிறகு

ஏறிவிட்டாலும் கப்பல் கரையிலேயே இரவு முழுவதும் நிற்கலாம். சாப்பாடும் படுக்கையும் உண்டு, கவலை இல்லை. திரும்பும்போது கடலில் காத்திருக்க நேர்ந்தால் பெரிய ஊதல் சத்தம் கேட்கும். சர்வதேசக் கடல் விதிப்படி, மூடுபனியில் ஓடும் கப்பல் 2 நிமிடத்துக்கு ஒரு முறையாவது 4 முதல் 6 விநாடி வரை ஊத வேண்டும். பழக்கமில்லாதவர்கள் நடு இரவில் பதறி எழுந்துவிடுவார்கள். அது அபாய அறிவிப்பு அல்ல, "நான் இங்கே இருக்கிறேன்" என்று மற்றக் கப்பலுக்குச் சொல்வது. அவசர அறிவிப்பு என்றால் ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும். இந்த வித்தியாசத்தை முதல் நாள் பாதுகாப்புப் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். அதைத் தவறவிடாதீர்கள். காதில் வைக்கக் கொஞ்சம் பஞ்சு கொண்டுபோனால் தூங்கலாம்.

திரும்பி வரத் தாமதமானால் அழைத்துப் போக வருகிறவர்களுக்கு உடனே சொல்லுங்கள். காரை அங்கேயே விட்டிருந்தால் கூடுதல் நாளுக்குக் கட்டணம் கேட்பார்களா என்று காரை விடும்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு, போகாமலே இருந்துவிடலாமா என்று யாராவது நினைத்தால், வேண்டாம், போய் வாருங்கள். குளிர்காலத்தில் எத்தனையோ கப்பல்கள் குறித்த நேரத்தில் கிளம்புகின்றன. நாம் செய்ய வேண்டியது முன்னும் பின்னும் ஒரு நாள், கைப்பையில் நான்கு நாள் மருந்து, படித்துப் பார்த்த பாலிசி, இவ்வளவுதான்.

இந்த டிசம்பரில் போகிறவர்கள் தங்கள் இன்ஷூரன்ஸ் தாளையும் கப்பல் டிக்கெட் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு ஞாயிறு மாலை நம் கிளப் ஹவுஸ் வாசிப்பறைக்கு வாருங்கள். எழுத்து பொடியாக இருக்கும், மூக்குக் கண்ணாடியை மறக்காதீர்கள். சேர்ந்து உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.